கையில் ஃபோன் வந்த பிள்ளைகளுக்கு

பாகான் செராயில் ஒரு கோயிலுக்கு நெடுங்காலம் செயலாளராக இருந்தவன் நான். ரசீதுப் புத்தகம், உபயக்காரர் பட்டியல், பந்தல்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் என் பையில்தான் கிடக்கும். இப்போது பொறுப்பு இளைஞர்களிடம் போயிருக்கிறது. கூடவே கோயில் வாட்ஸ்அப் குழுவும் போயிருக்கிறது. ரசீதுப் புத்தகத்தைவிட அந்தக் குழுதான் கனம் என்றேன். சிரித்தார்கள். "என்ன கனம்னு எழுதிக் குடுங்க தாத்தா" என்றார்கள். எழுதிவிட்டேன். எஸ்பிஎம் முடித்துவிட்டு முதல் சம்பளத்தில் ஃபோன் வாங்கியிருக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கலாம். எண் போட்டிருப்பது நினைவுக்கு வந்த வரிசையில். எது பெரிது எது சிறிது என்று பார்த்துப் போடவில்லை.

1. ஃபோனைத் தூக்கிக் கடாசு என்று சொல்கிற பெரியவர்கள் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

அந்தக் காலத்தில் எல்லாரும் எல்லாரோடும் முகம் பார்த்துப் பேசினோம் என்பார்கள். பேசினோம்தான். தோட்டத்து லயத்தில் வரிசையாக வீடு இருந்தால் பேசாமல் எப்படி இருப்பது? ஆனால் அதே லயத்தில், ஒரு பெண்பிள்ளை கடைப்பக்கம் யாரோடோ நின்று பேசினாள் என்றால் இருட்டுவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம் பேசிவிடுவார்கள். டிக்டாக் வருவதற்கு முன்பே மானம் போய்த் தோட்டம் மாறிய குடும்பங்கள் உண்டு. ஆகவே பழங்காலத்தைப் பால் வடியும் காலமாக நினைக்க வேண்டாம்.

பிறகு என்ன ஆனது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. சில தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோயின. கூலா, களும்பாங், கெடோங் பக்கம் பிறந்தவர்கள் இன்று பட்டர்வொர்த்திலும் கிள்ளானிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள். சிலர் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பதே ஆண்டுக்கொரு முறை, அம்மன் திருவிழாவில் என்று ஆனது. அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் பழைய தோட்டத்துப் பெயரில் குழுக்கள் வந்தன. லயம் இடிந்த இடத்தில் வீடமைப்பு வந்துவிட்டது. பெயர்ப் பலகைகூட இல்லை. ஆனால் குழுவில் அந்தத் தோட்டம் இருக்கிறது. பெரட்டுக் களத்தில் எடுத்த மங்கிய படம் ஒன்றை யாரோ போடுவார்கள். இடது ஓரத்தில் நிற்பது யார் என்று இரண்டு நாள் விவாதம் நடக்கும். கடைசியில் ஜொகூரிலிருந்து ஒரு அம்மா, "அது எங்க சித்தப்பா" என்பார். இந்தக் குழுக்கள் வந்த பிறகு திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் ஆள் கூடியிருக்கிறது. உபயம் எடுக்கவும் ஆள் வருகிறது. செயலாளராக இருந்தவன் சொல்கிறேன், இது பெரிய காரியம்.

நான் பார்க்கும் கணக்கு ஒன்றுதான். ஃபோனில் வந்த விஷயம் உன்னை ஒரு வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் விட்டதா, இல்லை படுக்கையிலேயே படுக்கவைத்ததா? முதலாவது என்றால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பார்.

ஒரு வேலை தருகிறேன். உன் பாட்டி பிறந்த தோட்டத்தின் பெயரில் குழு இருக்கிறதா என்று விசாரி. இருந்தால் பாட்டியைச் சேர்த்துவிட்டு, குரல்பதிவு அனுப்பக் கற்றுக்கொடு. எழுதப் படிக்கத் தெரியாமலே பால்மரம் வெட்டி ஓய்ந்த கிழவிகள் எத்தனையோ பேர். அந்த மைக் படத்தை அழுத்திப் பேசத் தெரிந்துவிட்டால் அவர்களுக்குப் பேனாவே வேண்டாம்.

2. சாவுச் செய்தி போட ஒரு முறை இருக்கிறது.

முன்பு சைக்கிளில் ஆள் போகும். தூரத்து உறவுக்குத் தந்தி. தமிழ் நேசனில் அறிவிப்பு வருவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போன தங்கைகள் பல வீட்டில் உண்டு. 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையும் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. இன்று விடியற்காலையில் உயிர் பிரிந்தால் பசியாறுவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. கோலாலம்பூரில் இருப்பவர் ரயில் பிடித்துப் பாரிட் புந்தாரில் இறங்கி, பெட்டி எடுப்பதற்குள் வந்துவிடலாம். ஃபோனால் வந்த நன்மைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அதனாலேயே அவசரப்படாதே. இறந்தவரின் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லாருக்கும் வாய்வழியாகச் சொல்லியாகிவிட்டதா என்று வீட்டாரைக் கேட்டுக்கொள். அதன் பிறகுதான் குழு. பினாங்குத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்டில் நிற்கிற மகன், தன் அப்பா போனதை மாலை போட்ட படமாகக் குழுவில் பார்க்கக் கூடாது.

செய்தியில் என்ன வேண்டும்: பெயர், கூப்பிடு பெயர், வயது, யாருடைய கணவர் அல்லது மனைவி, எந்தத் தோட்டத்தில் இருந்தவர், வீட்டு முகவரி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்தச் சுடுகாடு, விசாரிக்க ஒரு எண். கூப்பிடு பெயரை விட்டுவிடாதே. அடையாளக் கார்டில் இருக்கிற பெயர் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. "ஸ்டோர் கிராணி வீட்டு மூத்தவர்" என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாயோடு இருக்கும் படம் வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் முகமும் வேண்டாம். நல்ல சட்டை போட்டுச் சிரித்த படம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும், கேட்டு வாங்கு.

இனி, கைகூப்பிய படம் போடுகிற வழக்கம். கோலாலம்பூரில் இருப்பவர் போடட்டும். பாகான் செராயில் இருந்துகொண்டு, மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் இருந்துகொண்டு நீயும் அதையே போட்டுவிட்டு இருந்துவிடாதே. "போய் என்ன பேசுறதுன்னே தெரியல தாத்தா" என்று ஒரு பையன் சொன்னான். யார் பேசச் சொன்னது? கூடாரத்தில் நாற்காலி பரப்ப ஆள் வேண்டும். தேத்தண்ணி கொடுக்க ஆள் வேண்டும். வாசலில் வண்டி அடைத்து நிற்கும். ஒதுக்கிவிட ஆள் வேண்டும். சாவு வீட்டில் வாய்க்கு வேலை குறைவு.

3. காலை வணக்கப் பூப்படங்களைப் பார்த்துச் சிரிக்காதே.

ரோஜாப்பூ, முருகன், உதயசூரியன், கீழே ஒரு நல்ல வாசகம். உனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் தனியாக இருக்கிற கிழவருக்கு அது பெரட்டு மாதிரி. அந்தக் காலத்தில் விடியுமுன் களத்தில் பெயர் கூப்பிட்டால் இருக்கிறேன் என்று குரல் கொடுப்போம். இப்போது பூ போடுகிறார்கள். தினமும் ஆறரைக்குப் பூ போடுகிறவர் எட்டு மணியாகியும் போடவில்லை என்றால் ஒரு அழைப்பு அழை. எடுக்காவிட்டால் போய்க் கதவைத் தட்டு.

4. அட்மின் என்பது அலங்காரப் பதவி இல்லை.

1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012-இல் 114A என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு பதிவை வெளியிட வழி செய்து கொடுத்தவராக, அதை நிர்வகிப்பவராக உன் பெயர் இருந்தால், இல்லை என்று நிரூபிக்கும்வரை வெளியிட்டவர் நீதான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இது ஏட்டில் மட்டும் கிடக்கிற சட்டம் என்று நினைத்தவர்களுக்கு 2021 பிப்ரவரியில் விடை கிடைத்தது. வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித் தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. எழுதியது அவர்கள் அல்ல. அவர்கள் இடத்தில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். அந்த வழக்கிலும் இந்தப் பிரிவு பேசப்பட்டது.

கோயில் குழுவில் யாராவது மற்ற மதத்தையோ அரச குடும்பத்தையோ இழுத்து எழுதினால், அழித்துவிட்டு ஆளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. மாமா முறை ஆயிற்றே, எப்படிச் சொல்வது என்று கூச்சப்படாதே. "மாமா, என் பேருதான் மேலே இருக்கு" என்று சொல், புரிந்துகொள்வார். புரியாவிட்டால் திருவிழா முடியும்வரை அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி பூட்டிவை. திட்டுவார்கள். கோயில் பொறுப்பில் திட்டு வாங்காதவர் யார்?

இரண்டு அட்மின் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். காரணம் கேட்காதே, ஆறாவதைப் படி.

5. வீடியோ போட ஆசையா? போடு. ஆனால் கேமரா வீட்டுக்குள் எந்த அறைவரை வரலாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிடு.

சுங்கை சிப்புட் நம் பேராக்கில்தான் இருக்கிறது. 2020-இல் அங்கே தோட்டத்தில் வேலை செய்த சுகுவும் அவர் மனைவி பவித்ராவும் யூடியூபில் சமையல் போட ஆரம்பித்தார்கள். சின்ன அடுக்களை, சாதாரணப் பாத்திரம். மலாய் மொழியில் நிதானமாக, சிரித்த முகத்தோடு பவித்ரா சொல்லிக்கொடுப்பார். கோவிட் கட்டுப்பாட்டால் நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். எல்லா இனத்தாரும் பார்த்தார்கள். சில மாதத்தில் சந்தாதாரர் எண்ணிக்கை லட்சங்களுக்குப் போனது. அப்போதைய பிரதமர் முஹிடின் யாசின் தம் உரையிலேயே அவர்கள் பெயரைச் சொன்னார். தோட்டத்து அடுக்களை ஒன்றை நாடு இவ்வளவு மரியாதையோடு பார்த்ததை அதற்குமுன் நான் கண்டதில்லை. கித்தாப் பால் நாற்றம் என்று பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பிடித்தவர்களைப் பார்த்த தலைமுறை நாங்கள். எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

அதே ஆண்டு ஜூலையில் அவர்கள் குடும்பப் பிரச்சினை ஈப்போ நீதிமன்றம்வரை போய்ச் செய்தியானது. அது நீதிமன்றம் பார்க்க வேண்டிய விஷயம், அது பார்த்தது. நான் சொல்ல வருவது பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பற்றி. நேற்றுவரை பரங்கிக்காய்க்கு எத்தனை கரண்டி மிளகாய்த்தூள் என்று கேட்டவர்கள், மறுநாள் அந்த வீட்டுப் படுக்கையறைக்கு நியாயம் சொல்ல உட்கார்ந்துவிட்டார்கள். நம் ஆட்களும்தான். விருந்துக்கு வந்தவனை அனுப்பிவைக்க நேரம் இருக்கிறது. சந்தாதாரரை அனுப்பிவைக்க முடியாது, அவர் கூடவே இருப்பார்.

ஆகவே சில வரம்பு. பள்ளிச் சீருடையில் பிள்ளைகளைக் காட்டாதே. சட்டையிலேயே பள்ளிப் பெயர் இருக்கும். வீட்டு எண்ணும் வண்டி எண்ணும் தெரியாமல் பார்த்துக்கொள். அம்மா அழும்போது எடுக்காதே, அப்பா குடித்திருக்கும்போது எடுக்காதே. வேண்டாம் என்று ஒருவர் கையைக் காட்டினால் அத்தோடு சரி, வேடிக்கைக்குக்கூட எடுக்காதே. கையில் இருக்கிற வேலையை விட்டுவிடாதே. காசு வர ஆரம்பித்தால் கணக்கு எழுதிவை. வருமான வரி வாரியத்துக்கு யூடியூப் காசும் காசுதான்.

6. திட்டுகிறவர்கள் கூட்டமாக வந்தால் தனியாக நிற்காதே.

இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டும். 2024 ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். ராஜேஸ்வரி என்ற அவரை டிக்டாக்கில் ஈஷா என்றால்தான் தெரியும். அதற்கு முன்பு டிக்டாக்கில் அவரை மிரட்டியும் கேவலப்படுத்தியும் பேசியிருந்தார்கள். அவர் போலீசில் புகாரும் கொடுத்திருந்தார். வழக்கு நடந்தபோது, குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின்படி 100 வெள்ளி அபராதம். அந்தப் பிரிவில் போடக்கூடிய அதிகபட்சமே அதுதான். நூறு வெள்ளி! இன்னொருவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் ஜனங்கள் மனதில் நின்றது அந்த நூறு வெள்ளிதான்.

அந்தக் கொதிப்பில் சட்டம் மாறியது. தண்டனைச் சட்டத் தொகுப்பில் 507B முதல் 507G வரை புதிய பிரிவுகள் சேர்ந்து 2025 ஜூலையில் அமலுக்கு வந்தன. மிரட்டுவது, அவமானப்படுத்தித் துன்புறுத்துவது, ஒருவரது சொந்த விவரங்களை எடுத்துப் பொதுவில் போடுவது எல்லாம் இப்போது குற்றம். ஒருவரை உயிரை விடும் அளவுக்குத் தூண்டினால் 10 ஆண்டுவரை சிறை.

இந்த வழக்கில் என்னை உறுத்தியது வேறு ஒன்று. திட்டியவர்களும் தமிழில் திட்டினார்கள், திட்டு வாங்கியவரும் தமிழர், நேரலையில் உட்கார்ந்து பார்த்தவர்களும் நம்மவர்கள்தான். தோட்டத்தில் இரண்டு பேர் வாய்ச்சண்டை போட்டால், வேடிக்கை பார்க்கிற கூட்டத்திலிருந்து ஒரு கிழவியாவது, "போதும், உள்ள போங்கடி" என்று அதட்டும். நேரலையில் அந்தக் கிழவி இல்லை. பார்க்கிறவர் எண்ணிக்கை ஏற ஏற, திட்டுகிறவருக்கு இன்னும் உற்சாகம்தான். பரிசுப்படமாகக் காசுகூட அனுப்புகிறார்கள். அப்படி ஒரு நேரலை ஓடினால் பார்க்காதே, வெளியே வா, புகார் பொத்தானை அழுத்து. திட்டு வாங்குகிறவர் தெரிந்தவர் என்றால் அவருக்கு ஃபோன் அடி. முடிந்தால் வீட்டுக்கே போ.

உனக்கே நடந்தால்: பதில் எழுதாதே. எல்லாவற்றையும் தேதி, நேரம், கணக்குப் பெயரோடு படம் பிடித்து வை. பிறகு போலீஸ் புகார். நிலையத்துக்குத் தனியாகப் போகாதே. அண்ணன், மாமா, கோயில் ஆள் என யாரையாவது கூட்டிக்கொண்டு போ. பெண்பிள்ளைகள் ஒரு பெண்ணிடம்தான் முதலில் வாயைத் திறப்பார்கள், அதனால்தான் பெண் அட்மின் என்றேன். ராத்திரியில் மனது தாங்கவில்லை என்றால் பெஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, தாலியான் காசே எண் 15999. சாக நினைத்தேன் என்று வெளியே சொன்னால் போலீஸ் பிடிக்கும் என்று இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவை 2023-இலேயே நீக்கிவிட்டார்கள். தைரியமாகச் சொல்.

7. ஃபோன் வழியாக வருகிற வேலையும் காதலும்.

2022-இல் ஈப்போவைச் சேர்ந்த ஓர் இளைஞர், ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர், 23 வயது. இணையத்தில் பழகிய பெண்ணைப் பார்க்கப் பேங்காக் போகிறேன் என்று கிளம்பினார். மோசடிக் கும்பலிடம் சிக்கிக்கொண்டார். அந்த மே மாதம் தாய்லாந்து எல்லை ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். படிக்காதவர் என்று சொல்ல முடியுமா? ஆகவே நான் ஏமாறமாட்டேன் என்று மார்தட்டாதே.

வெளிநாட்டில் வேலை, தங்க இடம், விமான டிக்கெட், அனுபவம் தேவையில்லை என்று வந்தால் அந்தச் செய்தியை வீட்டில் மூன்று பேருக்குக் காட்டு. கம்பெனி எங்கே இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்தவர் யார் என்று கேள். "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் ஐந்நூறு வெள்ளி தருகிறேன்" என்று ஒரு நண்பன் கேட்டால் அவனோடு ஒட்டுக்கடையில் உட்காருவதைக்கூட நிறுத்திக்கொள். அந்தக் கணக்கில் திருட்டுப் பணம் போகும், போலீஸ் உன் வாசலுக்கு வரும். பணம் கட்டுமுன் போலீசின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பார். ஏமாந்துவிட்டாய் என்று தெரிந்த அந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழை. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு ராத்திரி யோசித்தால் பணம் ஐந்து கணக்கு தாண்டிப் போய்விடும்.

கோயிலுக்கும் இதே பாடம். நன்கொடைக்கு கியூஆர் படம் போட்டால், அதில் வரும் பெயர் கோயில் பெயரா என்று ஒரு வெள்ளி அனுப்பிச் சரிபார்த்துவிட்டுப் போடு. பணம் எந்தத் தனி ஆள் கணக்குக்கும் போகக் கூடாது, தலைவர் கணக்குக்கும் கூடாது.

8. ரத்தம் கொதிக்கிற மாதிரி ஒரு வீடியோ வந்தால் பகிராதே. கொதிப்பு அடங்கட்டும்.

2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீஃபீல்ட் மாரியம்மன் கோயிலில் நடந்ததை உன் அப்பாவிடம் கேள். அடிப்படையில் அது நில விவகாரம். ஆனால் ஃபோனில் ஊர் ஊராகப் பரவியபோது இனச் சண்டை என்று பரவியது. கார்கள் எரிந்தன. தீயணைப்பு வீரர் முகமட் அடிப் காயப்பட்டு டிசம்பரில் இறந்தார். இங்கே பாகான் செராயில் மலாய்க்காரர்தான் அதிகம். அவர்கள் வயலுக்குப் பக்கத்தில்தான் நம் வீடு, அவர்கள் கடையில்தான் நாசி லெமாக் வாங்குகிறோம். அந்த நாட்களில் நான் கவனித்தது, குழுக்களில் கத்தியவர்கள் பெரும்பாலும் வெளியூரில் இருந்தவர்கள். அவர்கள் யாரும் மறுநாள் காலையில் இங்கே கடைத்தெருவில் நடக்கப் போவதில்லை.

தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்துகிற செபெனார்ஞா என்ற தளம் 2017-இலிருந்து இருக்கிறது. அதில் பொய்ச் செய்திகளைச் சரிபார்த்துப் போடுகிறார்கள். அதில் இல்லாத கோயில் விவகாரம் என்றால் அந்த ஊரில் உனக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பார், கூப்பிட்டுக் கேள். பாதி வீடியோக்கள் போன வருஷத்தவை.

9. காவடிக்குக் கீழே நிற்கும்போது ஃபோன் வேண்டாம்.

எடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். 2021 தைப்பூசம் கட்டுப்பாட்டுக் காலத்தில் வந்தது. கல்லுமலைக்கும் தண்ணீர்மலைக்கும் ஆண்டு தவறாமல் போனவர்கள் வீட்டிலிருந்தபடி ஃபோனில் பூசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நடக்க முடியாத கிழவர்களுக்கு இன்றும் நேரலைதான் சன்னிதி. எங்கள் கோயிலிலும் ஒருவரை நியமித்தோம். அவர் எடுப்பார், மற்றவர்கள் கும்பிடுவார்கள். அந்த ஏற்பாடு போதும். அருள் வந்து ஆடும் பெண்ணின் முகத்துக்குக் கிட்டே போய் எடுக்கிறாயே, மறுநாள் அவள் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போக வேண்டாமா?

10. ராத்திரி ஃபோன் அடுக்களையில் சார்ஜ் ஆகட்டும்.

பினாங்குக்குப் போகும் தொழிற்சாலை பஸ் விடியுமுன்னே வந்துவிடும். இரண்டு மணிவரை வீடியோ பார்த்துவிட்டு இயந்திரத்தின் முன் நின்றவனின் கையைப் பார்த்திருக்கிறேன். எழுப்புவதற்கு ஃபோன் வேண்டும் என்பாய். பாசார் மாலாமில் மணி அடிக்கிற கடிகாரம் மலிவாகக் கிடைக்கிறது.

11. தம்பி தங்கைகளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுக்காதே.

டிக்டாக், ஃபேஸ்புக் எல்லாவற்றுக்கும் 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனிகளே வைத்த விதி. 2025 நவம்பரில் நம் அரசாங்கம் அதை 16 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. இணையப் பாதுகாப்புச் சட்டமும் 2026 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் எதைப் பிடிக்கும், எது நழுவும் என்பது போகப் போகத் தெரியும். ஆனால் பத்து வயதுத் தங்கைக்குப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டு அண்ணன்தான், அரசாங்கம் இல்லை. அழுவாள். அழட்டும். கையில் ஒரு பந்தைக் கொடுத்துப் பள்ளித் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போ. நீயும் கொஞ்சம் ஓடு, வயிறு போட்டிருக்கிறது.

12. கட்டைவிரல் வருகைப் பதிவு ஆகாது.

கோயிலைச் சுத்தம் செய்ய கோத்தோங் ரோயோங் என்று குழுவில் போட்டால் கட்டைவிரல் வரிசையாக ஏறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் நானும் பூசாரியும் ஒரு நாயும் நிற்போம். ஆகவே புதிய அட்மின்களுக்குச் சொல்கிறேன்: கட்டைவிரலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெயரை எழுதச் சொல்லுங்கள், பெயருக்கு நேரே என்ன கொண்டு வருகிறார் என்றும் எழுதச் சொல்லுங்கள். மண்வெட்டி, அரிவாள், புல்வெட்டும் இயந்திரம், தண்ணீர்க் குழாய், பசியாற ரொட்டி சானாய். எழுதாதவர்களை முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொருவராக அழைத்துப் பேசுங்கள், குழுவில் இல்லை, ஃபோனில்.

திருவிழாவுக்கு முன் வடிகாலைத் தூர்வார வேண்டும். வருகிற ஞாயிறு எட்டு மணிக்கு. என் பெயருக்கு நேரே அரிவாள் என்று போட்டுக்கொள்ளுங்கள்.